தடய அறிவியல் கற்க ஆரம்பிக்கிறவர்களுக்கு: எது முதலில், எது பிறகு

தருமபுரியில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். பாலக்கோடு, பென்னாகரம், சில வாரம் ஊத்தங்கரையிலிருந்துகூட பஸ் பிடித்து வருகிற கல்லூரிப் பிள்ளைகள். முதல் நாளே எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "சார், டிஎன்ஏ எப்போ?" டிஎன்ஏ பற்றி அரைமணி நேரம் பேசத் தெரிந்த பையனிடம், மேசை மேல் இருக்கிற இந்த டம்ளரைப் பற்றி எழுது என்றால் நாலு வரியில் நின்றுவிடுகிறான். அந்த நாலு வரியிலும் நேரம் இல்லை, அளவு இல்லை, டம்ளரில் தண்ணீர் இருந்ததா என்றுகூட இல்லை.

அதனால் நான் சொல்லிக்கொடுக்கிற வரிசையை அப்படியே கீழே தருகிறேன். ஒவ்வொரு படியிலும் பழகியது அடுத்த படிக்கு வேண்டியிருக்கும், நடுவில் தாண்டிப் போகாதீர்கள். வாரம் ஒரு நாள் ஒதுக்கினால் நாலைந்து மாதத்தில் முடிக்கலாம்.

## 1. முன்கூட்டியே என்னென்ன வேண்டும்

பிளஸ் டூ அளவு வேதியியல், உயிரியல், கணக்கில் சைன், வர்க்கமூலம், சதவீதம் இவ்வளவு தெரிந்தால் போதும். தமிழ் வழியில் படித்தவர்கள் கவலைப்பட வேண்டாம், ஆனால் முதல் நாளிலிருந்தே நோட்டின் கடைசிப் பக்கங்களில் ஒவ்வொரு கலைச்சொல்லையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொண்டே வாருங்கள். பாடப்புத்தகமும் தேர்வும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வரும், மகஜரும் (சம்பவ இடத்தில் சாட்சிகள் முன்னால் போலீஸார் எழுதும் குறிப்பு) சாட்சியமும் தமிழில் வரும், இரண்டு பக்கமும் கால் வைக்கத் தெரிய வேண்டும்.

பொருள் என்று பார்த்தால், தைத்த நோட்டு ஒன்று (தாள் கழற்றக்கூடிய ஃபைல் வேண்டாம், ஒரு பக்கம் காணாமல் போனால் தெரியாது), பேனா, 15 செ.மீ. ஸ்கேல், இஞ்ச் டேப், 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், பழுப்புக் காகிதக் கவர்கள், கையுறை, செல்லோ டேப், வெள்ளை அட்டை, மென்மையான மேக்கப் பிரஷ், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஒரு கிலோ. கேமரா உங்கள் போனே போதும்.

மூன்று விஷயம் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். மனித ரத்தத்தை வைத்துப் பழகாதீர்கள். மறைந்திருக்கும் விரல்ரேகையைத் தெரியவைக்கிற சூப்பர் குளூ ஆவி, அயோடின் ஆவி, நின்ஹைட்ரின் எல்லாம் வீடியோவில் பார்க்க எளிதாக இருக்கும், புகைபோக்கி அமைப்பு உள்ள ஆய்வகத்துக்கு வெளியே அவற்றைத் தொட வேண்டாம். உங்கள் ஊரில் நிஜமாகவே ஒரு சம்பவம் நடந்தால், கற்றுக்கொள்கிறேன் என்று அந்த இடத்துக்குள் போகாதீர்கள். உங்கள் செருப்புத் தடம் அங்கே விழுவதுதான் மிச்சம்.

## 2. தொடுவதற்கு முன் எழுதுங்கள்

வீட்டில் ஒரு அறையை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இல்லாத நேரத்தில் தம்பியோ தங்கையோ அதில் ஏழு பொருளைக் கலைத்து வைக்கட்டும். அப்புறம் நீங்கள் வாசலில் நின்று, உள்ளே காலடி வைக்காமல், பத்து நிமிடம் எழுதுங்கள். வந்த நேரம், கதவு திறந்திருந்ததா, விளக்கு எரிந்ததா, ஃபேன் ஓடியதா, என்ன வாசனை, யார் யார் அங்கே நின்றார்கள். ஃபேனை அணைக்க வேண்டுமென்றால்கூட "ஓடியது, 10.20க்கு நான் அணைத்தேன்" என்று எழுதிவிட்டுத்தான் அணைக்க வேண்டும். நீங்கள் மாற்றிய எதுவும் பழைய நிலைக்குத் திரும்பாது, பிறகு குறிப்பை மட்டுமே நம்ப வேண்டியிருக்கும்.

அடுத்து படம். அறை முழுவதும் தெரிகிற மாதிரி நாலு மூலையிலிருந்தும், பிறகு பொருளும் சுற்றுப்புறமும் தெரிகிற மாதிரி, கடைசியாகப் பொருள் மட்டும். கிட்டப் படம் இரண்டு முறை எடுங்கள், ஸ்கேல் இல்லாமல் ஒன்று, ஸ்கேல் வைத்து ஒன்று. ஸ்கேல் வைத்தது மட்டும் இருந்தால் அதன் அடியில் எதையோ மறைத்தீர்கள் என்று கேட்கலாம். ஸ்கேல் இல்லாதது மட்டும் இருந்தால் அளவு சொல்ல முடியாது.

மூன்றாவது வரைபடம். போலீஸார் பார்வை மகஜரோடு சேர்த்துப் போடுகிற மாதிரி வரைபடம் இதுதான். அறையில் அசையாத இரண்டு புள்ளிகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு பொருளுக்கும் அந்த இரண்டிலிருந்தும் தூரம் அளந்து எழுதுங்கள். இரண்டு தூரமும், எந்தப் பக்கம் என்பதும் தெரிந்தால் பொருள் இருந்த இடம் ஒன்றுதான். இங்கே புதியவர்கள் தவறாமல் செய்கிற பிழை, அசையக்கூடிய பொருளிலிருந்து அளப்பது. ஒரு மாணவி பிளாஸ்டிக் நாற்காலியின் காலிலிருந்து எல்லாவற்றையும் மி.மீ. சுத்தமாக அளந்து வந்தாள். மதியம் யாரோ அதே நாற்காலியை எடுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள், அவள் நோட்டில் இருந்த பன்னிரண்டு அளவுகளுக்கும் அர்த்தம் போய்விட்டது. நிலைக்கதவின் மூலை, சுவர் மூலை, வெளியே என்றால் மின்கம்பம், கிணற்றுச் சுவர், இப்படிப் பிடியுங்கள். புளியமரம்கூடப் பரவாயில்லை, அடிமரத்தில் எந்தப் பக்கத்திலிருந்து அளந்தீர்கள் என்று எழுதினால்.

தப்பாக எழுதிவிட்டால் ஒயிட்னர் போடக்கூடாது. ஒற்றைக் கோடு இழுத்து, சரியானதை மேலே எழுதி, சுருக்கக் கையெழுத்தும் தேதியும் போடுங்கள். அடித்தது படிக்க முடிய வேண்டும். முதலில் என்ன எழுதினீர்கள் என்பதையும் கேட்கிற உரிமை எதிர்த்தரப்புக்கு உண்டு.

## 3. எடுப்பதும் மடிப்பதும்

எதை முதலில் எடுப்பது? காற்றில் பறக்கக்கூடியது, மிதித்தால் அழியக்கூடியது, காய்ந்தால் மாறக்கூடியது, இந்த மூன்றும் முன்னால். முடி, நூலிழை, வாசல் பக்கம் உள்ள கால்தடம் முடிந்த பிறகுதான் பாட்டில், கத்தி, தட்டு. நேராகப் பெரிய பொருளைத் தூக்கப் போவது ஆரம்பத்தில் எல்லாருக்கும் வருகிற பழக்கம், போகிற வழியில் இருப்பதை மிதித்துவிடுவார்கள்.

மண், தூள், முடி போன்றவற்றுக்குத் தாளை மடித்துப் பொட்டலம் போடத் தெரிய வேண்டும். கோயிலில் விபூதி மடித்துத் தருவார்களே, கிட்டத்தட்ட அதே மடிப்புதான், முனைகள் ஒன்றுக்குள் ஒன்று செருகி நிற்க வேண்டும். சாதாரண கவரில் நேராகப் போட்டால் ஒட்டிய மூலை வழியாகத் தூள் கசிந்துவிடும். பொட்டலம் போட்டு, அதைக் கவரில் வைத்து, ஒட்டிய இடத்தின் மேலேயே கையெழுத்து போடுங்கள். யாராவது பிரித்து மறுபடி ஒட்டினால் கையெழுத்து கோணலாகி நிற்கும்.

ஈரமான எதையும் பிளாஸ்டிக்கில் அடைக்காதீர்கள். நான் வேதியியல் முடித்த புதிதில் கறிக்கடையில் கொஞ்சம் ஆட்டு ரத்தம் வாங்கி, வெள்ளைத் துணியில் தோய்த்து, கெட்டியான பாலிதீன் கவரில் போட்டு வாயை ஒட்டி அலமாரியில் வைத்தேன். பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் செய்தேன். நாலாம் நாள் பிரித்தால் துணி முழுக்கப் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சை. ஈரம் வெளியே போக வழியில்லாததால் பாக்டீரியாவும் பூஞ்சையும் பெருகி ரத்தத்தைச் சிதைத்துவிட்டன, அதில் டிஎன்ஏ தேடினாலும் உருப்படியாக எதுவும் கிடைத்திருக்காது. நிழலில், ஃபேன் காற்று நேராகப் படாமல், தனித்தனியாகக் காயவைத்துக் காகிதக் கவரில் போட வேண்டும். இன்றைக்கும் புது ஆட்களிடம் இரண்டு துணியைக் கொடுத்து, ஒன்றைப் பாலிதீனிலும் ஒன்றைக் காயவைத்துக் காகிதத்திலும் வைக்கச் சொல்கிறேன். ஒரு வாரம் கழித்து அவர்களே பிரித்துப் பார்க்கட்டும்.

கறை எடுத்த துணியிலேயே கறை இல்லாத ஒரு இடத்திலிருந்தும் சின்னத் துண்டு எடுங்கள். அதுதான் ஒப்பீட்டு மாதிரி. சோதனையில் நிறம் வந்தால் அது கறையால் வந்ததா, துணியின் சாயத்தால் வந்ததா என்பதை அந்தத் துண்டு சொல்லும்.

கைமாறும் பதிவும் இங்கேயே பழகுங்கள். யார் எடுத்தார், யாரிடம் கொடுத்தார், எத்தனை மணிக்கு, முத்திரை எப்படி இருந்தது. தமிழ்நாட்டில் கைப்பற்றிய பொருள் படிவம் 95 மூலம் நீதிமன்றத்துக்குப் போய், அங்கிருந்து கடிதத்தோடு ஆய்வகத்துக்குப் போகும். ஒரு கை விடுபட்டாலும், நடுவில் மாற்றிவிட்டார்கள் என்ற கேள்வி அந்த இடத்தில் எழும்.

## 4. விரல்ரேகை: இங்கே நிறைய நாள் செலவழியுங்கள்

செலவில்லாமல், ஆபத்தில்லாமல், ஒப்பிட்டுப் பார்க்கும் கண்ணை வளர்க்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

முதலில் உங்கள் பத்து விரலையும் ஸ்டாம்ப் பேட் மையில் தொட்டு அட்டையில் பதியுங்கள். அழுத்தி ஒற்றாமல், நகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை உருட்ட வேண்டும். கட்டைவிரலை உடம்பை நோக்கி உருட்டுங்கள், மற்ற நாலையும் உடம்பிலிருந்து வெளியே. அந்தத் திசையில் கை இறுக்கத்திலிருந்து தளர்வுக்குப் போகும், ரேகை வழுக்காது. ஒரே தடவை மட்டும் உருட்டுங்கள், திரும்ப வந்தால் இரட்டைக் கோடு விழும்.

நம் வீடுகளில் விரலில் சங்கு எத்தனை, சக்கரம் எத்தனை என்று எண்ணிப் பார்ப்பார்கள் இல்லையா, அதே வடிவங்களைத்தான் இங்கே லூப், சுழி என்கிறோம். மூன்றாவது வகை வில். கோடுகள் மூன்று பக்கமாகப் பிரிகிற முக்கோண இடம் டெல்டா. லூப்பில் ஒரு டெல்டா இருக்கும், சுழியில் குறைந்தது இரண்டு, எளிய வில்லில் இருக்காது. சுமாராக 60 முதல் 65 சதவீத ரேகைகள் லூப், 30 முதல் 35 சதவீதம் சுழி, 5 சதவீதம் வில். ஆகவே "இரண்டிலும் லூப் இருக்கிறது, இது அவன்தான்" என்று சொன்னால் ஊரில் பாதிப் பேருக்கு மேல் மாட்டுவார்கள். வடிவம் என்பது வகைப் பண்பு, அது ஆட்களைக் கழிக்க மட்டும் உதவும்.

ஒரு ஆளைச் சொல்ல உதவுவது கோடுகளுக்குள் இருக்கிற சின்ன அடையாளங்கள். ஒரு கோடு சட்டென்று முடிவது, இரண்டாகப் பிரிவது, தனிப்புள்ளி, பிரிந்து மறுபடி சேர்வது. அவை இருப்பதோடு, ஒன்றுக்கொன்று எந்தத் திசையில், நடுவில் எத்தனை கோடு தள்ளி இருக்கின்றன என்பதும் பொருந்த வேண்டும். ஒரே கருவில் பிறந்த இரட்டையருக்குக்கூட இவை வேறுபடும்.

இனி மறைந்திருக்கும் ரேகை. ஒரு எவர்சில்வர் டம்ளரைத் துணியால் துடைத்து, வீட்டில் ஒருவரைப் பிடிக்கச் சொல்லுங்கள். பென்சில் முனையைத் தேய்த்து எடுத்த கரித்தூளை பிரஷ் நுனியில் மிகக் கொஞ்சமாகத் தொட்டு, தட்டி உதறிவிட்டு, டம்ளரைத் தொட்டும் தொடாமலும் சுழற்றுங்கள். கோடு தெரிய ஆரம்பித்ததும் கோடு போகிற போக்கிலேயே பிரஷை நகர்த்துங்கள், குறுக்கே போனால் கோடுகளுக்கு நடுவில் தூள் அடைத்துவிடும். அதிகத் தூள், அழுத்திய பிரஷ், இரண்டும்தான் பத்தில் எட்டு ரேகையைக் கெடுக்கின்றன. தெரிந்ததும் முதலில் படம், பிறகுதான் டேப் ஒட்டி எடுத்து வெள்ளை அட்டையில் ஒட்டுவது. டேப் கிழிந்தாலும் படம் இருக்கும்.

அடர் நிறப் பொருளுக்குக் கரித்தூள் வேண்டாம், டால்கம் பவுடர் போட்டுக் கறுப்பு அட்டையில் எடுங்கள். காகிதத்தில் தூள் சரிவராது, வியர்வையைக் காகிதம் உறிஞ்சிவிடும், அதற்குத்தான் ஆய்வகத்தில் அமினோ அமிலத்தோடு சேர்ந்து ஊதா நிறம் தரும் நின்ஹைட்ரினை எடுக்கிறார்கள்.

வீட்டில் ஐந்து பேரின் மைப்பதிவுகளை வைத்துக்கொண்டு, டம்ளரில் எடுத்தது யாருடையது என்று கண்டுபிடியுங்கள். பாட்டியையும் சேருங்கள். ரேஷன் கடை இயந்திரத்தில் வயதானவர்களுக்கு ரேகை விழாமல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். களை எடுத்து, கல் உடைத்துத் தேய்ந்த கைகளில் கோடுகள் மேடு குறைந்து மங்கியிருக்கும். அப்படிப்பட்ட ரேகையை லென்ஸில் பார்க்கும்போது "போதுமான அடையாளம் இல்லை, முடிவு சொல்ல இயலவில்லை" என்று எழுதக் கற்றுக்கொள்வீர்கள். இந்த வாக்கியத்தை எழுதத் தயங்குகிறவர்களை நான் அடுத்த படிக்கு விடுவதில்லை.

## 5. கால்தடமும் மண்ணும்

நம் பக்கத்துச் செம்மண் இதற்கு அருமையானது. லேசான ஈரத்தில் செருப்பின் ஒவ்வொரு பள்ளமும் விழும். படம் எடுக்கும்போது கேமரா நேர் மேலே இருக்கட்டும், வெளிச்சம் மட்டும் பக்கவாட்டில் தாழ்வாக வரட்டும். மேலிருந்து ஃபிளாஷ் அடித்தால் நிழல் போய்த் தடம் தட்டையாகிவிடும்.

பிளாஸ்டர் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு, தோசை மாவு பதம். தடத்தின் மேல் நேராக ஊற்றாதீர்கள், விழுகிற வேகமே மண்ணைக் கிளறும். தடத்துக்கு வெளியே ஊற்றி உள்ளே வழியவிடுங்கள். அரைமணி நேரம் கழித்து எடுத்து, ஒட்டியிருக்கிற மண்ணை அன்றைக்கே கழுவாமல் இரண்டு நாள் இறுகவிட்டுக் கழுவுங்கள்.

ஒப்பிடும்போது, செருப்பின் கம்பெனி டிசைன் வகைப் பண்பு, அதே அச்சில் ஆயிரக்கணக்கில் வந்திருக்கும். குதிகாலில் கருங்கல் சில்லு கிழித்த வெட்டு, ஒரு பக்கம் தேய்ந்த விதம், இவை அந்த ஒரு செருப்புக்கு உரியவை. மண் மாதிரி எடுப்பதென்றால் தடத்தின் அருகே ஒன்று, நாலு திசையிலும் தள்ளி ஒவ்வொன்று எடுங்கள். ஒரே வயலிலேயே வரப்புக்கு வரப்பு மண் மாறுவது விவசாயி வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

## 6. வேதியியல்: மூன்று டம்ளர் பாடம்

லஞ்ச வழக்குச் செய்தியில் "ரசாயனம் தடவிய நோட்டு" என்று படித்திருப்பீர்கள். அந்த ரசாயனம் பினாப்தலீன். காரத்தில் இளஞ்சிவப்பாகும், நடுநிலைத் தண்ணீரில் நிறம் தராது. நோட்டை வாங்கியவரின் கையைச் சோடியம் கார்பனேட் கரைசலில் கழுவவைத்து, நிறம் மாறிய கரைசலைப் பாட்டிலில் முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள்.

கல்லூரி ஆய்வகத்தில் ஆசிரியர் அனுமதியோடு கையுறை போட்டு இதைச் செய்து பாருங்கள். பினாப்தலீன் கரைசலைத் தாளில் தடவிக் காயவையுங்கள். மூன்று டம்ளர்: முதலாவதில் சலவை சோடா கரைசலில் எதையும் தொடாத கையுறை. இரண்டாவதில் அதே கரைசலில் தாளைத் தொட்ட கையுறை. மூன்றாவதில் வெறும் தண்ணீரில் தாளைத் தொட்ட கையுறை. இரண்டாவது மட்டும் சிவக்க வேண்டும். முதல் டம்ளரும் சிவந்தால்? கரைசல் கலக்கியவரே தாளில் தடவியவராகவும் இருந்திருப்பார், எங்கள் குழுவில் மூன்று முறை அப்படித்தான் நடந்தது. நிஜத்திலும் பொடி தடவிக் காட்டியவரைப் பொறி வைக்கிற குழுவோடு அனுப்பாமல் விடுவது இதனால்தான்.

ரத்தத்துக்கான முதல்நிலைச் சோதனையிலும் நிறம் நீக்கிய பினாப்தலீன்தான் வேலை செய்கிறது, அங்கேயும் வரிசைதான் முக்கியம். முதலில் அதைச் சொட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அப்போதே சிவந்தால் வேறு ஏதோ ஆக்சிஜனேற்றி கலந்திருக்கிறது, சோதனை செல்லாது. நிறம் வராவிட்டால்தான் ஹைட்ரஜன் பெராக்சைடு, அதன் பிறகு சில நொடிக்குள் சிவந்தால் "ரத்தமாக இருக்கலாம்". உருளைக்கிழங்கு போன்ற காய்களில் உள்ள பெராக்சிடேஸும் அதே நிறத்தைத் தரக்கூடும். ஆட்டு ரத்தமும் தரும். அதனால் "மனித ரத்தம்" என்று இந்தச் சோதனையை வைத்து எழுதவே கூடாது.

## 7. கொஞ்சம் கணக்கு

பிரேக் தடத்தை வைத்து வண்டியின் வேகத்தைக் கணக்கிடுவோம். சரிவுச் சாலையான தொப்பூர் கணவாயை எடுத்துக்கொள்வோம், காகிதத்தில் மட்டும், ரோட்டில் இறங்கி அளக்க வேண்டாம். பிரேக் பிடித்துச் சக்கரம் தேய்ந்த தடம் 20 மீட்டர், உராய்வு எண் 0.7, புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்றால், 2 × 0.7 × 9.8 × 20 என்பது 274.4. அதன் வர்க்கமூலம் நொடிக்கு 16.6 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 60 கி.மீ. இது சமதளத்துக்கு. 5 சதவீத இறக்கத்தில் உராய்வு எண்ணிலிருந்து 0.05 கழிக்க வேண்டும், விடை சுமார் 57 ஆகிவிடும். சரிவை மறந்துவிட்டுக் கணக்குப் போடுவதுதான் இங்கே வழக்கமான பிழை. இன்னொன்று, தடம் முடிந்த இடத்தில் வண்டி மோதியிருந்தால் நீங்கள் கண்டது குறைந்தபட்ச வேகம் மட்டுமே.

ரத்தத்துளி பரப்பில் வந்து விழுந்த கோணமும் இப்படித்தான்: துளியின் அகலத்தை நீளத்தால் வகுத்தால் சைன் மதிப்பு. 6 மி.மீ. அகலம், 12 மி.மீ. நீளம் என்றால் 30 டிகிரி. காவி கரைத்த கஞ்சியைச் சாய்த்து வைத்த அட்டையில் சொட்டவிட்டு, அட்டை செங்குத்துக் கோட்டோடு செய்கிற கோணத்தோடு ஒத்துப் பாருங்கள். வாலை நீளத்தில் சேர்த்துவிடாதீர்கள்.

## 8. போனும் கோப்பும்

ஒரு படத்தின் ஹாஷ் மதிப்பை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டு வரும், கோப்புக்குக் கைரேகை மாதிரியான எண்ணெழுத்துக் கோவை) எடுங்கள், விண்டோஸில் செர்ட்யூட்டில் கட்டளையே போதும். அதே படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, இறக்கி, மறுபடி எடுங்கள். கண்ணுக்கு ஒரே படம், மதிப்பு முற்றிலும் வேறு. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி, எடுத்த நேரம் போன்ற உள்விவரங்களையும் நீக்கிவிடுகிறது. பாரதிய சாட்சிய அதினியம் (பழைய இந்திய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 63ஆம் பிரிவின்படி மின்னணுச் சான்றோடு தருகிற சான்றிதழில் ஹாஷ் மதிப்பைக் குறிக்க இடம் வைத்திருக்கிறார்கள், இந்த ஒரு பயிற்சியைச் செய்தால் காரணம் புரிந்துவிடும்.

## 9. இப்போது டிஎன்ஏ

இவ்வளவு தூரம் வந்தவர்களுக்கு இது கடினமாக இருக்காது. பி.சி.ஆர். முறை டிஎன்ஏவை எப்படிப் பிரதி எடுக்கிறது, எஸ்.டி.ஆர். என்ற திரும்பத் திரும்ப வரும் துண்டுகளை ஏன் எண்ணுகிறார்கள், வேரில்லாத முடியில் ஏன் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவைத் தேடுகிறார்கள், தாய் வழியில் எல்லாருக்கும் அது ஒன்றாக இருப்பதால் முடிவில் எவ்வளவு சொல்லலாம், இந்த நாலு கேள்விக்கும் உங்கள் சொற்களில் ஒவ்வொரு பக்கம் எழுதுங்கள். டிஎன்ஏ அங்கே இருந்தது என்பதும், அது எப்போது, எப்படி வந்தது என்பதும் தனித்தனிக் கேள்விகள். இரண்டாவதற்குப் பதில் பெரும்பாலும் நீங்கள் இரண்டாம் படியில் எழுதிய குறிப்பில்தான் இருக்கும்.

## 10. அறிக்கை எழுதுங்கள், பிறகு நீதிமன்றத்தில் போய் உட்காருங்கள்

செய்த ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒரு பக்க அறிக்கை. என்ன வந்தது, முத்திரை எப்படி இருந்தது, என்ன செய்தேன், என்ன கண்டேன், என்ன கருத்து. கண்டதையும் கருத்தையும் ஒரே வாக்கியத்தில் கலக்காதீர்கள். "தடம் குற்றவாளியின் செருப்பால் ஏற்பட்டது" என்று எழுதியதை அடித்துவிட்டு, "தடம் 2, பொருள் 5ஆகப் பெறப்பட்ட வலது செருப்பின் அளவோடும் குதிகால் வெட்டோடும் ஒத்துப்போகிறது" என்று எழுதுங்கள். யார் குற்றவாளி என்பதைச் சொல்வது நீதிபதியின் வேலை.

சட்டத்தில் குறைந்தது மூன்று இடம் தெரிந்திருக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 176(3): ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போக வேண்டும், சேகரிப்பை வீடியோ எடுக்க வேண்டும், இதை நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு வரை அவகாசம் உண்டு. 105: சோதனையும் கைப்பற்றலும் ஒலி, ஒளிப்பதிவாக வேண்டும். சாட்சிய அதினியத்தின் 39: நிபுணர் கருத்து. பழைய புத்தகத்தில் படிக்கிறவர்கள் இந்திய சாட்சியச் சட்டம் 45ஆம் பிரிவு என்று மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள், அந்த எண் மாறிவிட்டது.

மாவட்ட நீதிமன்றத்தில் பொதுவாக விசாரணை திறந்த மன்றத்தில்தான் நடக்கும், மூடிய அறை வழக்குகள் தவிர. தருமபுரியோ கிருஷ்ணகிரியோ, ஒரு நாள் போனை அணைத்துவிட்டுப் பின் பெஞ்சில் உட்கார்ந்து, மருத்துவரையோ நிபுணரையோ குறுக்கு விசாரணை செய்வதைக் கேளுங்கள். கேள்விகள் பெரும்பாலும் இப்படி வரும்: முத்திரை சரியாக இருந்ததா, எத்தனை மணிக்கு வந்தது, யார் கொண்டுவந்தது. போய்வந்த அன்றே பழைய நோட்டை எடுத்து, அதே கேள்விகளுக்கு அதில் பதில் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான பிள்ளைகள் அன்றைக்கு இரண்டாம் படியை மறுபடி செய்ய ஆரம்பிக்கிறார்கள்.

## 11. படிப்பு, தேர்வு

பிளஸ் டூ முடித்தவர்கள் நேராகத் தடய அறிவியல் பட்டத்தில் சேரலாம். காந்திநகரைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழகத்துக்கு என்.எஃப்.ஏ.டி. நுழைவுத்தேர்வு உண்டு. வெளியூர் அனுப்ப வீட்டில் வசதி இல்லையென்றால், பக்கத்து அரசுக் கல்லூரியில் வேதியியல், இயற்பியல், தாவரவியல், விலங்கியல் ஏதாவது ஒன்றை ஒழுங்காகப் படியுங்கள். நான் இதையே முதலில் சொல்வேன், ஏனென்றால் ஆய்வகத்தில் வேலை பிரிவு பிரிவாக நடக்கிறது, ஒரு பாடத்தில் ஆழம் இருப்பவருக்கு அங்கே இடம் இருக்கிறது.

மாநிலத் தடய அறிவியல் துறையின் இளநிலை அறிவியல் அலுவலர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு நடத்துகிறது. விரல்ரேகைப் பிரிவு சார்பு ஆய்வாளர் பணிக்குச் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம். கல்லூரியில் சொல்லிக்கொடுக்க விரும்பினால் யு.ஜி.சி. நெட்டில் தடய அறிவியல் தனிப் பாடம், எண் 82. எந்தப் பட்டத்தில் சேர்வதற்கும் முன்னால் இந்தப் பணிகளின் பழைய அறிவிப்புகளை இறக்கி, கல்வித் தகுதி என்ற பத்தியை மட்டும் வரி வரியாகப் படியுங்கள். பட்டத்தின் பெயர் ஒரு சொல் மாறியதால் விண்ணப்பம் தள்ளப்பட்ட ஒரு பெண் எங்கள் மாடிக்கு வந்திருக்கிறாள். மூன்று வருடம் முடிந்த பிறகு அந்தப் பத்தியைப் படித்தாள்.